வெயிலில் வைத்த கல்

எங்கள் ஊர் ஏர்லன்ராய்ட்டில் புதிதாக ஒரு முகத்தைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். சௌக்கியமா, சாப்பிட்டாயா எல்லாம் அப்புறம். வால்புர்கா கிளைஸ்னரின் மகன் எம்மெரமிடம் அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில்தான் இருந்தது. அவன் அப்பன், உலகச் சண்டை முடிந்த கையோடு கிழக்கே சிலேசியாவிலிருந்து அகதியாக வந்த ஒரு தகரவேலைக்காரன். ஹாம்பர்க்கில் வேலை இருக்கிறது, ஒரு அறை பிடித்துவிட்டு உன்னைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அறை கிடைத்ததா இல்லையா என்று கடைசிவரை சேதி வரவில்லை. ஞானஸ்நானத்தின்போது அப்பன் பெயர் எழுதும் இடத்தில் பாதிரியார் ஒரு கோடு இழுத்தார். கொஞ்சம் அழுத்தியே இழுத்தார் என்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவனை "அரைப்பேரு" என்று கூப்பிட்டார்கள். பையன்களுக்கு அதெல்லாம் தானாகத் தோன்றாது. வீட்டில் பெரியவர்கள் பேசுவதுதான் வீதிக்கு வரும். வால்புர்கா கறிக்கடைக்குப் போய், வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி கடைக்காரன் மனைவியிடம் சொன்னாள்:

"எம் பையனுக்கு அரைப்பேருன்னு உங்க பையன் சொல்றானாமே. கிளைஸ்னர்ங்கறது முழுப் பேருதான். எங்கப்பன் பேரு. உங்க வீட்டுல அப்பன் பேரு, தாத்தன் பேரு எல்லாம் சேர்ந்து இருந்து என்னத்தக் கிழிச்சீங்க? தராசுல கட்டைவிரல வெச்சு அழுத்தறதுதானே?"

அன்றைக்கு அவளுக்குக் கறி கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க உருளைக்கிழங்கு உருண்டையும் புளித்த கோசும்தான். ஆனால் பையன் நிமிர்ந்து பள்ளிக்கூடம் போனான். பேர் சொல்ல ஒரு பிள்ளை என்பார்களே, அவளுக்கு அது தலைகீழாக இருந்தது. பிள்ளைக்குச் சொல்ல ஒரு பேர் நிலைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அவளுக்கு வேலை சுரங்கக் குழியில், மேலே, பொறுக்கும் கொட்டகையில். எங்கள் குழியிலிருந்து பீங்கான் தொழிற்சாலைகளுக்கு வெள்ளைக் கல் போகும். ஓடும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். வெள்ளையைப் போகவிட்டு, கறுப்பையும் பழுப்பையும் பச்சையையும் பொறுக்கி வெளியே எறிய வேண்டும். அந்த நிறக் கற்களில் இரும்பும் மாங்கனீசும் பாஸ்பரசும் இருக்கும். ஒரே ஒரு துண்டு கலந்துவிட்டால் போதும், சூளையிலிருந்து வரும் தட்டில் மூக்குப்பொடி சிந்தின மாதிரி புள்ளி விழும். மேஸ்திரி வந்து வாய்க்கு வந்தபடி திட்டுவான். நாங்கள் அதைக் குப்பைக்கல் என்போம். அந்தக் குப்பைக்கல்லைத் தேடித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மியூனிக்கிலிருந்து படித்தவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, குப்பை மேட்டில் மழையில் குனிந்து கிடப்பார்கள். பெண்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு.

"அடியே புர்கல், நீ வாரம் முழுக்க எறியறத அவங்க ஞாயித்துக்கிழமை கும்பிட்டு எடுக்கறாங்க பாரு!" என்பாள் பக்கத்தில் நிற்கும் கிரெஸென்ஸ்; வால்புர்காவை அவள் புர்கல் என்றுதான் கூப்பிடுவாள். பின்னாளில் மதுக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊர்க் கடையை நடத்தியவள் அவள்தான்.

எம்மெரம் பதினைந்து வயதிலேயே குழிக்குள் இறங்கிவிட்டான். அம்மா எறிகிற கல்லை அவன் ரொட்டி டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவான். மியூனிக்கிலிருந்து வருகிறவர்களில் டாக்டர் ஐஷ்ஹோர்ன் என்று ஒருவர், எப்போதும் மூக்கு ஒழுகும் ஒல்லி மனிதர். அவருக்கும் இவனுக்கும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அவர் பூதக்கண்ணாடியைக் கொடுப்பார். இவன் கீழே எந்தச் சுவரில் எந்த நிறம் தெரிகிறது என்று சொல்வான். அடிமட்டச் சுரங்கத்தின் கோடியில், தூண் பக்கத்துச் சுவரில், வெளிர் பச்சையில் ஊசி ஊசியாக ஒன்று இருப்பதை இவன்தான் அவருக்குக் கொண்டுவந்து காட்டினான். இன்னொரு துண்டை, தீப்பெட்டி அளவு இருக்கும், அம்மாவுக்கென்று கொடுத்தான்.

"குப்பைக்கல்ல வீட்டுக்கே கொண்டாந்துட்டியா? அங்க எறிஞ்சது போதாதுன்னு இங்கயும் எறியணுமா நான்?"

"இத எறியாதம்மா. இது கொஞ்சம் அழகா இருக்கு."

சுரங்கத்தின் கூரையைத் தாங்க நடுநடுவே பாறையை வெட்டாமல் தூணாக விட்டிருப்பார்கள். அடிமட்டத்துத் தூண்களில் இருந்த வெள்ளைக் கல் பால் மாதிரி சுத்தம். இயக்குநர் ஹாபர்கோர்ன் அந்தத் தூண்களைச் செதுக்கி மெலியவைக்கச் சொன்னார். பழைய ஆட்கள் வேண்டாம் என்றார்கள். "மலை ஆதாம் காலத்திலிருந்து நிக்குது, உங்க சம்மதத்தக் கேட்டா நிக்குது?" என்றாராம். மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம் கூரை இறங்கியது. இரண்டு பேர் வெளியே ஓடிவந்தார்கள். எம்மெரம் வரவில்லை. உள்ளே தட்டும் சத்தம் கேட்டதாக ஒருவன் சொன்னான். தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் அது என்று மற்றவன் சொன்னான். தோண்டினால் மிச்சமும் இறங்கும் என்று சொல்லி, வாரம் முடிவதற்குள் அந்தக் கோடியைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார்கள். அவன் உள்ளேயேதான் இருக்கிறான்.

குழி வாசலில் நின்றவளிடம் ஹாபர்கோர்ன் வந்து தொப்பியைக் கழற்றினார். "ஃப்ராய்லைன் கிளைஸ்னர், ஆழ்ந்த வருத்தம்" என்றார். ஃப்ராய்லைன் என்பது கல்யாணமாகாத பெண்ணைக் கூப்பிடுகிற மரியாதை. பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கிறவளை, அந்த நேரத்தில், அத்தனை பேர் நடுவில், அப்படிக் கூப்பிட்டார். வாய் தவறி வந்ததோ, வேண்டுமென்றே வந்ததோ, அந்தப் பாவத்துக்கு மன்னிப்பு இல்லை என்றுதான் நான் சொல்வேன். விசாரணை நடந்தது. பாறையின் இயல்பு என்று எழுதி முடித்தார்கள். வெறும் பெட்டியில் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மடித்து வைத்து அடக்கம் செய்து, மேலே எம்மெரம் கிளைஸ்னர் என்று கல் நட்டார்கள்.

வால்புர்கா மறுபடி கொட்டகைக்கு வந்து பெல்ட் முன்னால் நின்றாள். வேறு எங்கே போவாள்? வயிறு இருக்கிறதே. ஒவ்வொரு கறுப்புக் கல் வரும்போதும், அவன் மேல் விழுந்த பாறைக்குப் பக்கத்துப் பாறையோ இது என்று அவள் கை ஒரு கணம் நிற்கும். பிறகு எறியும்.

சில வருஷம் கழித்து டாக்டர் ஐஷ்ஹோர்ன் வந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. அவள் சூப் ஊற்றி வைத்தாள். அவர் கரண்டியைத் தொடாமல், கல்யாணமானவளைக் கூப்பிடுகிற மாதிரி ஃப்ராவ் என்று கூப்பிட்டுச் சொன்னார்:

"ஃப்ராவ் கிளைஸ்னர், எம்மெரம் எனக்குக் குடுத்த பச்சைக் கல்லு இருக்கே, அது உலகத்துல எங்கயும் இல்லாத கல்லு. புதுசு. கண்டுபிடிச்சதுக்குப் பேர் வைக்கிற உரிமை எனக்கு. கிளைஸ்னரிட்னு வெச்சிருக்கேன். கல்லுப் பேருங்களப் பாக்கற கமிஷன்ல ஒத்துக்கிட்டாங்க."

"எங்க பேரா?"

"உங்க பேரு. இனிமே டோக்கியோல, மாஸ்கோல, எங்க கல்லப் பத்திப் படிச்சாலும் இந்தப் பேரப் படிச்சுத்தான் ஆகணும்."

"எத்தன வருஷத்துக்கு?"

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எங்கள் ஊர்க்காரருக்குப் புரியும். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் சொந்தம் கிடையாது. இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு தவணை. அதற்கப்புறம் புதுப்பிக்காவிட்டால் கல்லைப் பெயர்த்துவிட்டு இன்னொருவரைப் போடுவார்கள். நிரந்தர இடம் என்பது கோயில் சுவரோரம் பெரிய வீட்டுக்காரர்களுக்குத்தான்.

"தவணையெல்லாம் இல்ல ஃப்ராவ் கிளைஸ்னர். பூமி இருக்கற வரைக்கும்" என்றார் டாக்டர். நல்ல மனிதர், மனதில் பட்டதைத்தான் சொன்னார். அவள் உள்ளங்கையால் மேசையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு முதல் தடவையாக அவர் முன்னால் அழுதாள்.

கிளம்பும்போது அவர் அவளிடமிருந்த துண்டைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். "இதத் துணில சுத்தி டிராயர்ல வையுங்க. வெளிச்சம் பட்டா இதுல இருக்கற இரும்பு துருப்பிடிக்கற மாதிரி மாறும். இருட்டுலதான் இது இதுவா இருக்கும்."

"இருட்டுல ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான், டாக்டர். அது போதும்."

அவர் வற்புறுத்தவில்லை. மியூனிக்கில்தான் எம்மெரம் கொடுத்த மூலத்துண்டு இருக்கிறதே என்று நினைத்திருப்பார்.

அன்றிலிருந்து காலையில் சமையலறை ஜன்னலில், மத்தியானத்துக்கு மேல் முன்னறை ஜன்னலில், வெயில் எங்கேயோ அங்கே அந்தக் கல் இருக்கும். பனிக்காலத்தில் பேருக்கு ஒரு வெளிச்சம் வந்தாலும் திரையை விலக்கி வைப்பாள். அவனுக்குத்தான் கிடைக்கவில்லை, அவன் கல்லுக்காவது கிடைக்கட்டும் என்பது அவள் கணக்கு. பச்சை நீலமானது. நீலம் மெல்ல மெல்லக் கறுத்தது.

"என்னடி புர்கல், ஒன் கல்லு கரிக்கட்டை ஆயிட்டு வருது?" என்றாள் கிரெஸென்ஸ்.

"உன் மூஞ்சி மட்டும் கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரியேவா இருக்கு? அவனுக்கும் வயசாகுதில்ல. இருந்திருந்தா இப்ப நாப்பது."

அவளுக்கு அது கறுத்ததில் ஒரு சந்தோஷம்கூட. பிள்ளை கண் முன்னால் வளர்ந்து முதிர்வதைப் பார்க்காத தாய்க்கு வேறென்ன இருக்கிறது?

அந்தக் கல்லுக்கு ஒரு மூத்தது உண்டு. ஒரே குடும்பம், ஒரே குழி. அதை வெகுகாலம் முன்பே ஒரு பேராசிரியர் கண்டுபிடித்து, தனக்கு வாத்து வறுவலும் காரும் அனுப்பிய இயக்குநர் பெயரால் ஹாபர்கோர்னிட் என்று வைத்துவிட்டார். குழி மூடின பிறகு, வாசலில் ஊர் சார்பில் ஒரு பலகை வைத்தார்கள், இங்கே முதன்முதலில் கிடைத்த கற்களின் பெயர்கள் என்று. முதல் வரி ஹாபர்கோர்னிட். அதற்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், கிளைஸ்னரிட். வால்புர்கா பூசை முடிந்து வீட்டுக்குப் போகும் வழி அதுவல்ல. ஆனாலும் அந்த வழியாகத்தான் போவாள். அதே அளவு எழுத்து என்பதை அவள் விரலால் அளந்து பார்த்திருக்கிறாள்.

கல்லறைத் தவணை முடிந்தபோது கோயில் பணியாள் ஹூபர்ட் கல்லின் மேல் மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டு, அவளையும் பார்த்துச் சொன்னான். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. மேட்டில் ஏற முழங்கால் விடவில்லை. கல்லறையில் களை மண்டினால் எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவரைத்தான் பேசுவார்கள். அவளுக்குப் பின் களை பிடுங்க ஆளும் இல்லை.

"எடுத்துடு ஹூபர்ட். உள்ள யாரு இருக்கா? ஒரு கோட்டுதான் இருக்கு. அதுவும் மக்கியிருக்கும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எடுத்துட்டா எடுத்ததுதான். அப்புறம் ஊர்ல அவன் பேரு எங்கயும் இருக்காது."

"ஒங்க கல்லு இருபத்தஞ்சு வருஷம். அவன் கல்லு பூமி இருக்கற வரைக்கும். போ, போய் எடு."

பெருமையோடுதான் சொன்னாள். ஹூபர்ட் எடுத்துவிட்டான்.

இன்னும் பல வருஷம் கழித்து, ஒரு வசந்தகாலத்தில், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். உயரமாக, காது தெரிய முடி வெட்டி, வடக்கத்திப் பேச்சு; வடக்கத்தியார் எல்லாரும் எங்கள் ஊருக்குக் கல்நெஞ்சுப் பிரஷ்யாக்காரர்தான். டாக்டர் ஸ்வான்ட்யே பீட்டர்சன் என்றாள். ஐஷ்ஹோர்னிடம் கடைசியாகப் படித்தவளாம். அவர் காலமாகிவிட்டார், அவர் இடத்தில் இப்போது இவள்.

"எந்த ஊரும்மா நீ? பிரஷ்யாக்காரி மாதிரி பேசற."

"ஹாம்பர்க் பக்கம்."

"அப்படியா. அங்க இப்பவாவது அறை கிடைக்குதா?"

ஸ்வான்ட்யேவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிடைக்கிறது, ஆனால் கஷ்டம் என்றாள். வால்புர்கா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, உட்காரச் சொல்லி, காப்பியும் கேக்கும் வைத்தாள். கேக் பாதி தீரும்வரை வந்த விஷயம் வெளியே வரவில்லை.

"இந்தக் குடும்பத்துக் கல்லுங்களையெல்லாம் இப்ப மறுபடி வரிசைப்படுத்தறாங்க, ஃப்ராவ் கிளைஸ்னர். ஒவ்வொருத்தர் ஒவ்வொரு காலத்துல இஷ்டத்துக்குப் பேர் வெச்சுட்டாங்க. ஒரே கல்லுக்கு ரெண்டு பேரு, மூணு பேருன்னு கெடக்கு. அதனால புது விதி. எல்லாம் ஒரே மாதிரி கட்டின வீடுங்கன்னு வெச்சுக்குங்க. அதே சுவரு, அதே அறைங்க. எந்த அறையில எந்த உலோகம் குடியிருக்குங்கறத வெச்சுத்தான் பேரு. குடியிருக்கறது வேறன்னா தனிப் பேரு உண்டு. ஒண்ணுதான்னா, மூத்த பேரு நிக்கும், இளைய பேர எடுத்துடுவாங்க."

"எங்க வீட்டுல யாரு குடியிருக்கா?"

"துருப்பிடிக்காத இரும்பு. ஹாபர்கோர்னிட்ல துருப்பிடிச்ச இரும்பு. வித்தியாசம் அவ்வளவுதான்."

"அவ்வளவு இருக்கில்ல? அப்புறம் என்ன?"

"அதக் காட்டணும். மியூனிக்ல இருந்த மூலத்துண்டுல பாதிய அந்தக் காலத்துலயே சோதனைக்கு அரைச்சுட்டாங்க. மிச்சம், வருஷக்கணக்கா வெளிச்சத்துல எடுத்து எடுத்துப் பாத்ததுல, மாறிப்போச்சு. கமிஷன்ல சொல்றாங்க, இது தனிக் கல்லே இல்ல, ஹாபர்கோர்னிட்தான், அப்ப தப்பா அளந்துட்டாங்கன்னு. டாக்டர் சாகறதுக்கு முன்னால எங்கிட்டச் சொன்னாரு, உங்க வீட்டுல ஒரு துண்டு இருக்குன்னு. நல்ல துண்டு…"

சொல்லிக்கொண்டே வந்தவள் ஜன்னலைப் பார்த்தாள். கல் வெயிலில் இருந்தது. ஸ்வான்ட்யே கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வெளிய கறுத்திருக்கு. பரவால்ல. உள்ள, நடுவுல, பச்சை மிஞ்சியிருக்கலாம். ஆனா வெட்டித்தான் பாக்கணும்."

"அவன வெட்டணுமா?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. பிரஷ்யாக்காரிக்கும் கண் கலங்கும் என்று வால்புர்கா அன்றைக்குத்தான் பார்த்தாள். எழுந்து போய் அலமாரியின் மேல் தட்டிலிருந்து அவனுடைய பழைய ரொட்டி டப்பாவை எடுத்துவந்தாள். கல்லைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து மூடினாள். அந்த வீட்டில் அந்தக் கல் இருட்டைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பேர் நிக்கும்னா வெட்டு. பொடியாக்கு. எனக்குக் கல்லு வேண்டாம்."

அந்தக் கோடையில் வால்புர்கா பலகைப் பக்கம் போகவில்லை. காலையில் எழுந்ததும் கை பழக்கத்துக்கு ஜன்னல் விளிம்புக்குப் போகும். வெறும் மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். கிரெஸென்ஸ் வந்து ஊர்க் கதை பேசிப் பார்த்தாள். "வராத செய்திய நெனச்சுக் கஞ்சிய விடாதடி" என்று திட்டியும் பார்த்தாள். சாப்பிடுவாள், ஆனால் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் தெரியாது.

அக்டோபரில் ஸ்வான்ட்யே வந்தாள். கடிதம் போடலாம், டெலிபோன் பண்ணலாம். ரயிலும் பஸ்ஸும் மாறி நேரே வந்திருக்கிறாள் என்றதுமே வால்புர்காவுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல சேதியைச் சொல்ல யாரும் அத்தனை தூரம் அலைந்து வருவதில்லை.

"உள்ள வரைக்கும் மாறிடுச்சு, ஃப்ராவ் கிளைஸ்னர். நடு வரைக்கும். ஒரு அரிசி மணி அளவுகூட மிஞ்சல."

"வெயிலாலயா?"

"காலம்… காத்து… எல்லாமும் சேர்ந்துதான்…"

"காத்தக் கேக்கல நான். வெயிலாலயான்னு கேட்டேன்."

ஸ்வான்ட்யே மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஆமா."

"டிராயர்ல வெச்சிருந்தா?"

"தப்பிச்சிருக்கும்."

பொய் சொல்லியிருக்கலாம் என்று கிரெஸென்ஸ் பிற்பாடு அவளைக் கரித்துக் கொட்டினாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வால்புர்காவிடம் யார் பொய் சொல்லி ஜெயித்திருக்கிறார்கள், அந்தத் தகரவேலைக்காரனைத் தவிர?

"அந்தக் கோடிச் சுவர்ல இன்னும் இருக்குமே?" என்றாள் வால்புர்கா.

"இருக்கும். முழு இருட்டுல, அப்படியே பச்சையா இருக்கும். ஆனா கான்கிரீட்டுக்கு அந்தப்பக்கம். குழி முழுக்க இப்பத் தண்ணி. எடுத்துக் காட்ட முடியாத கல்லுக்குப் பேர் குடுக்க மாட்டாங்க."

"அப்ப அந்தப் பேரு…"

"எடுத்துட்டாங்க. புது வரிசைல இல்ல."

"சரி. இதுக்கு இப்ப என்ன பேரு?" டப்பாவைக் காட்டிக் கேட்டாள். கல் திரும்பி வந்திருந்தது, நடுவில் வெட்டுப்பட்டு, இரண்டு பாதியாக.

ஸ்வான்ட்யே டப்பாவை மூடப் போனாள்.

"சொல்லும்மா. பேர் சொல்றதுதானே உன் வேல?"

"ஹாபர்கோர்னிட்."

வால்புர்கா தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "கேக் சாப்பிடு. பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றாள்.

மறுநாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி ஹூபர்ட்டைப் பார்த்தாள். பழைய இடம் வேண்டும் என்றாள். அங்கே வைடன் நகரத்துப் பல் டாக்டர் ஒருவர் வந்து படுத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. கல்லையாவது கொடு என்றாள். கல்லைக் கல்தச்சன் வாங்கிப்போய், முகத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வேறு எவருக்கோ வேறு பேர் வெட்டிக் கொடுத்துவிட்டான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்மா" என்றான் ஹூபர்ட். அவனும் கிழவனாகியிருந்தான்.

"சொன்னே. நீ சொல்லல்லன்னு நான் சொன்னேனா?"

அவள் இறங்கி வரும்போது குழி வாசலில் ஒரு ஆள் ஏணி வைத்து நின்றுகொண்டிருந்தான். பலகையைப் புதுப்பிக்கிறார்கள். முதல் வரிக்கு நேர் கீழே அவன் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். சிலை மேல் எழுத்து அழியாது என்கிறார்கள். எங்கள் ஊருக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சகல பரிசுத்தவான்கள் திருநாள் வந்தது. அன்றைக்கு மத்தியானம் எங்கள் ஊரில் உயிரோடிருக்கிறவர் அத்தனை பேரும் கல்லறைத் தோட்டத்தில்தான். ஒவ்வொரு குடும்பமும் அதன் கல்லறை முன்னால் நிற்கும். சிவப்புக் கண்ணாடிக் கூண்டுகளில் விளக்கு எரியும். பாதிரியார் வரிசை வரிசையாக வந்து தீர்த்தம் தெளிப்பார். கல்லறை இல்லாதவர் அன்றைக்கு எங்கே நிற்பது என்பது பெரிய கேள்வி. தவணையை விட்ட பிறகு வால்புர்கா அந்த நாளில் வாசலிலேயே நின்றுவிடுவாள். யாரும் கேட்டால், எம் பையன் புத்தகத்துல இருக்கான் என்பாள்.

அந்த வருஷம் அவள் வாசலில் நிற்கவில்லை. ஒரு கையில் விளக்கு, மற்றொரு கையில் ரொட்டி டப்பா. எல்லாரும் பார்க்கப் பாதையின் நடுவில் நடந்து, கோயில் சுவரோரம், கறுப்புக் கல்லும் இரும்புச் சங்கிலியுமாக இருந்த ஹாபர்கோர்ன் குடும்பக் கல்லறை முன்னால் போய் நின்றாள். இயக்குநர் அதில் படுத்து முப்பது வருஷம் இருக்கும். அவர் மகள் இர்மன்கார்ட், அவளுக்கே எழுபது, பேரன் பேத்திகளோடு நின்றிருந்தாள்.

"ஃப்ராவ் கிளைஸ்னர்… இது எங்க கல்லறைங்க."

"தெரியும்மா. எனக்குப் படிக்கத் தெரியும்."

"உடம்பு முடியலையா? யாராவது வீட்டுல கொண்டுபோய் விடட்டுமா?"

வால்புர்கா குனிந்து, ஒரு கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து கல்லின் இரண்டு பாதியையும் எடுத்தாள். சாமந்திப் பூக்களுக்கு நடுவில் வைத்தாள்.

"இது எம் பையன். அப்பன் பேரு இல்லாதவன்னு உங்கப்பாவுக்குத் தெரியும், என்னைய ஃப்ராய்லைன்னு கூப்பிட்டாரு. எம் பேருல இருந்தான் இத்தன நாளா. இப்ப உங்க பேருக்கு வந்துட்டான். பெரிய பெரிய படிச்சவங்க உக்காந்து எழுதியாச்சு. பேர் குடுத்த வீடு நிக்க இடமும் குடுக்கணும், இல்லையா? கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போறேன்."

பக்கத்துக் கல்லறைகளில் ஜெபம் நின்றுவிட்டது. கிரெஸென்ஸ் தன் புருஷன் கல்லறையை விட்டு இரண்டடி வந்து, மேலே வர முடியாமல் நின்றாள். இர்மன்கார்ட் நல்லவளா கெட்டவளா என்று எனக்குத் தெரியாது. அப்பன் செய்ததற்கு மகள் என்ன செய்வாள். அவள் பேரனைப் பின்னால் இழுத்து, கல்லறை முன்னால் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டாள்.

பாதிரியார் வந்தார். இளம் வயதுக்காரர், வெளியூர். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஹாபர்கோர்ன் குடும்பத்தின் மேல் தெளித்த தீர்த்தத்தையே வால்புர்கா மேலும் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். பொழுது சாயச் சாய விளக்குகள் துலங்கின. அவள் கையில் இருந்த விளக்கு இன்னும் கையிலேயே இருந்தது.

இர்மன்கார்ட்தான் மெதுவாகச் சொன்னாள்: "விளக்க இங்க வையுங்க. சுவரோரம் காத்து அடிக்காது."

வால்புர்கா கூண்டின் சின்னக் கதவைத் திறந்தாள். வைக்கப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் குனிந்து ஊதி அணைத்தாள்.

"வேண்டாம்மா. அவனுக்கு வெளிச்சம் ஆகாது."

தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து, கல்லின் மேல் நாலு மூலையும் மண்ணோடு படியும்படி போர்த்தினாள். பிறகு, அணைந்த விளக்கோடு, வெறும் தலையோடு, மேட்டை விட்டு இறங்கிப் போனாள்.